காலிப் பெட்டியும் கடுகுக் கொல்லையும்

மொரப்பூரில் இறங்க வேண்டியவன், பதற்றத்தில் அதற்கு முன்னாலேயே பொம்மிடியில் இறங்கிவிட்டேன். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. கையில் ஒரு பெரிய நீலப் பெட்டி, தோளில் ஒரு பை, பைக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர். கூடவே இறங்கிய ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கடத்தூர் பக்கம் என்றேன்.

"அப்பறம் என்னாத்துக்கு முழிக்கறீங்க? மொரப்பூருல எறங்கியிருந்தாலும் பஸ்சுலதான் போவணும். இங்கேருந்தும் பஸ் இருக்குதுங்க," என்று சொல்லி, பேருந்து நிற்கும் இடம் வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போனார்.

பேருந்தில் பெட்டியை வைக்க இடம் இல்லை. மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் கூச்சத்தோடு மொழிபெயர்த்தார். "பெட்டி பெருசா இருக்குது, ஆனா மடியில காத்து மாதிரி வெச்சிருக்காரே, உள்ள ஒண்ணும் இல்ல போலருக்குதுன்னு பேசிக்கறாங்க. பொண்ணு கோச்சுக்கிட்டு வந்துட்டாளோ, கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்காரோன்னு கேக்கறாங்க."

பாதி சரி. பெட்டி காலிதான். கல்லூரி விடுதிக்குப் போனபோது என் மகள் கயலுக்கு வாங்கியது. இப்போது அவளுடைய துணிமணிகளையும் புத்தகங்களையும் இதற்குள் அடைத்து, அவளையும் கையோடு கும்பகோணத்துக்கு அழைத்துப் போவதற்காகத்தான் வந்திருந்தேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சும்மா பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

கயல் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கடத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை ஒன்று சில வருடங்கள் நடந்திருக்கிறது. வாடகைக்கு எடுத்து நடத்தியவர் ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஈயம் மண்ணில் தங்கிவிட்டது. அந்த மண்ணில் செடி வளர்த்து, செடியின் வழியாக ஈயத்தை வெளியே எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இரண்டு வருடமாக அங்கேயே தங்கியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மூன்று வாரங்களுக்கு முன்னால் வரை.

அன்று தொலைபேசியில் பேசும்போது, சாப்பாடு, மழை என்று பேச்சுவாக்கில் சொல்வதுபோல, "ரத்தப் பரிசோதனையில ஈயம் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சுப்பா, இப்ப குறைஞ்சிட்டு வருது," என்றாள். அவள் அடுத்து என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து கை நடுங்கத் தொடங்கியது. நான் நூலகராக வேலை செய்கிறேன். அந்த வாரம் முழுவதும் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கினேன் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள்.

கடத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ. அதுவும் கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நின்றுவிட்டது. ஓட்டுநர் பொறுமையாக இறங்கி, எல்லாரையும் இறக்கி, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று யாரோ செய்த தவறைச் சொல்வதுபோலச் சொன்னார். மிச்ச தூரம் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் ஊரில் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் மாதம் இது. இங்கே சாலை ஓரத்தில் புளியமரங்கள், அதற்கு அப்பால் செம்மண், கேழ்வரகுத் தாள், தூரத்தில் மலை. நிலம் வறண்டிருந்தாலும் சோம்பிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு சதுரத்திலும் ஏதோ ஒன்று விளைந்து நின்றது.

கயல் மாதையன் என்பவரின் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறாள். ஈயம் படிந்த நிலமும் மாதையனுடையதுதான். கொட்டகை இருந்தது பக்கத்து நிலத்தில், மழைநீர் வடிந்தது இவருடைய இரண்டு ஏக்கரில். பையிலிருந்து நான் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்து வைத்ததைப் பார்த்து, அவர் மனைவி முனியம்மா கயலிடம் சொன்னார்.

"உங்கப்பாரு தண்ணியக்கூட ஊருலேருந்து தூக்கியாந்திருக்காரு பாரு கயலு. காவேரித் தண்ணியாங்க?"

ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல.

"எங்க வூட்டுக் கொழாயிலயும் காவேரிதாங்க. ஒகேனக்கல்லேருந்து வருது. உங்களுக்கு முன்னாடி நாங்கதான் குடிக்கிறோம்."

கயல் சிரித்தாள். அவள் மெலிந்திருக்கிறாளா, முகம் வெளுத்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுத்திருந்தாள், அவ்வளவுதான். என் கையிலிருந்து பெட்டியை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனாள். ஒற்றைக் கையிலேயே தூக்கிவிட்டாள்.

மதியம் கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல். களியை நான் மென்றுகொண்டிருந்தேன். மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று முனியம்மா சொல்லிக் கொடுத்தார். கீரையைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்ததையும் அவர் கவனித்துவிட்டார். "அந்தக் கொல்லைக் கீரை இல்லீங்க, தகிரியமா சாப்புடுங்க. அந்தக் கொல்லையில ஒரு இலை கிள்ளுனாலும் உங்க பொண்ணு என்னைய வூட்ட வுட்டே தொரத்திடும்." எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். இங்கே வானம் பார்த்த விளைநிலத்துக்குப் பெயர் அது. வெட்கத்தோடு கீரையைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் கயல் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். கம்பி வேலி, ஒரு படல், படலுக்கு உள்ளே ஒரு சின்னச் சாய்ப்பு. அதில் வரிசையாக ரப்பர் பூட்ஸ், கையுறை, முகக்கவசம், பக்கத்தில் கை கால் கழுவக் குழாய். அதற்கு அப்பால் இரண்டு ஏக்கரும் இடுப்பளவு கடுகு. உச்சியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் மொட்டு விரியத் தொடங்கியிருந்தது. சரிவின் கீழ்ப்பக்கம், மழையில் மண் அடித்துப் போகாமல் இருக்க வெட்டிவேர் வரிசை.

நான் எதிர்பார்த்தது கருகிப்போன ஒரு நிலம். கண் கூசும் இந்தப் பச்சையை எதிர்பார்க்கவில்லை. அந்த மண்ணில் கால் வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது, இந்தச் செடிகள் அதையே குடித்து வளர்ந்து நின்றன. நாம் தாளிக்கும் அதே கடுகு.

மாதையன் எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். படலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகு பூட்ஸ் மாட்டினார். கயல் பிறகு விளக்கினாள். விளைநிலத்துக்குள் செருப்போடு நடக்க அவர் முதலில் ஒப்பவே இல்லை. அம்மாவை மிதிக்கிற மாதிரி என்றாராம். கடைசியில், இந்தப் பூட்ஸ் மனிதர்களுடையது இல்லை, இந்தக் கொல்லைக்குச் சொந்தமானது, இதைத் தாண்டி வெளியே போகாது என்று கயல் சொன்னபிறகுதான் போட்டுக்கொண்டாராம். தூசியும் சேறும் வெளியே போகாமல் இருக்க அவளுக்கும் அதுதானே வேண்டும்.

செடி ஈயத்தைப் பெரும்பாலும் வேரில்தான் வைத்திருக்கிறது, கொஞ்சம்தான் தண்டுக்கும் இலைக்கும் ஏறுகிறது என்றாள். அதனால் அறுக்கக்கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கியதை மாட்டுக்குப் போடக்கூடாது, எரிக்கக்கூடாது, உரக்குழியில் கொட்டக்கூடாது. உலர்த்தி, மூட்டை கட்டி, இப்படிப்பட்ட கழிவைப் பாதுகாப்பாக வைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு திரும்ப விதைக்க வேண்டும். எத்தனை வருடம் என்று கேட்டேன்.

"தெரியலப்பா. பத்து வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

மண்ணை வெட்டி எடுத்துப் போட்டுவிட முடியாதா என்றேன்.

"எடுத்து எங்க போட? அதுவும் யாரோ ஒருத்தரோட கொல்லையாத்தானே இருக்கும்."

அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் காட்டினாள். முதல் கோடையில், தரை வெறுமையாகக் கிடந்தபோது, முகக்கவசம் இல்லாமல் தூசியில் வேலை செய்திருக்கிறாள். அது தன்னுடைய தவறு என்றாள். இப்போது கடுகு மூடியிருப்பதால் தூசியே இல்லை. தாளுக்குத் தாள் எண் இறங்கியிருந்தது. நான் அந்த எண்களைப் பார்த்தேன். இறங்கியதை விட்டுவிட்டு, முதல் தாளில் இருந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மாலையில் மாதையன் என்னைக் கடத்தூர் சந்தைப் பக்கம் கூட்டிப்போனார். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. மிளகாய் பஜ்ஜி சுடச்சுட வந்தது. பேச்சு விவசாயத்துக்குப் போனது. ஊர்க்காரர் ஒருவரோடு இணக்கமாகப் பேச வேண்டும் என்ற ஆசையில், எங்கள் அண்ணன் வயலைப் பற்றிச் சொன்னேன். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண் வெண்ணெய்போல ஆகிவிடும், அதைவிட மண்ணுக்குச் செய்யும் மரியாதை வேறு இல்லை என்றேன்.

மாதையன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "அதத்தானுங்க நானும் ரெண்டு வருசமா நெனைக்கறேன். அந்தக் கொல்லையிலேருந்து எடுத்துக்கிட்டேதான் இருக்கறோம். திருப்பி ஒரு புடி குடுக்கறதில்ல. மனசு கேக்க மாட்டேங்குது."

நான் தலையாட்டினேன். மழையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், மண்ணுக்கும் பசிக்கும்தானே என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் கயல் காலையிலேயே ஸ்கூட்டரில் அரூருக்குப் போய்விட்டாள். இரண்டு நாளில் கடுகைப் பிடுங்க வேண்டும், அதற்குச் சாக்கும் தார்ப்பாயும் வாங்கி வர. நான் மாடியில் அவளுடைய புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது பெட்டியில் அடங்கும், எது அடங்காது என்று. ஏழரை மணி இருக்கும், டிராக்டர் சத்தம் கேட்டது. மழை பெய்த மறுநாளே உழவு, என்ன சுறுசுறுப்பான மனிதர்கள் என்று நினைத்தபடி சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

படலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஈரமண் புரளும் வாசனை. மாதையன் வேலியோரம் நடந்துகொண்டிருந்தார், டிராக்டரில் அவருடைய பங்காளி. பச்சைச் செடிகள் கலப்பைக்கு முன்னால் சாய்ந்து மண்ணுக்குள் போயின. நூல் பிடித்த மாதிரி உழவுச் சால். சரியான பருவத்தில்தான் மடக்குகிறார்கள் என்று நான் ரசித்துக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சில நிமிடங்கள் உண்மையிலேயே ரசித்தேன்.

அப்போது சக்கரத்தின் அடியில் ஒரு சிவப்புத் துணிக்கொடி மடங்கிப் போனதைப் பார்த்தேன். கயல் பாத்தி பிரிக்க நட்டு வைத்த கொடி. நான்கு பாத்திகள், நான்கு நிறம்.

என்ன நடக்கிறது என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. செடி எடுத்து வைத்த ஈயம் எல்லாம் மண்ணுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வேலை முடிந்துவிட்டது, இனி இவளுக்கு இங்கே என்ன இருக்கிறது, வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு எண்ணம் வந்தது. டிராக்டர் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி என்னிடம் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சால். அதன் பிறகுதான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினேன்.

டிராக்டர் நின்றது. பாதிக்கு மேல் போயிருந்தது.

"ஏன் சார்? நீங்கதானுங்களே நேத்து சொன்னீங்க," என்றார் மாதையன். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "பூவு எடுக்குது, ஈரம் இருக்குது. இந்த ஒரு போகமாவது மண்ணுக்கு வுடலாமுன்னு."

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அது துப்புனதயே திரும்ப வாயில ஊட்டி வுட்டுட்டேனுங்களா," என்று மெதுவாகக் கேட்டார். 

என் சத்தம் கேட்டு ஓடி வந்த முனியம்மா பேசினார். "ரெண்டு வருசமா அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுது. கடையில ஒரு டீ குடிச்சிட்டு வந்ததும் அத்தனையும் மறந்துபோச்சா? ஊரு ஏரு பூட்டுனா உனக்குக் கை அரிக்குமே." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் படிச்சவருதானுங்களே," என்றார். நியாயமான கேள்வி.

கயலுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். மணி எட்டரை தாண்டி வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் சாக்குக் கட்டு, பின்னால் தார்ப்பாய். படலைப் பிடித்துக்கொண்டு உழுத சால்களைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். டிராக்டர்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ரொட்டவேட்டரா, அஞ்சு கலப்பையா?"

"அஞ்சு கலப்பைதாங்க மேடம். ரொட்டவேட்டர் வேற எடத்துக்குப் போயிருக்குது."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ரொட்டவேட்டராக இருந்திருந்தால் செடியைத் துண்டு துண்டாக்கி மண்ணோடு கலந்திருக்கும். அஞ்சு கலப்பை பெயர்த்துப் புரட்டுவதோடு சரி. "அப்ப முழுச் செடியாத்தான் உள்ள கிடக்கும். இன்னைக்கே எடுத்துடலாம்," என்றாள்.

மாதையன் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். எதுவோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அவரைச் சொல்லாதே கயல். நான்தான் நேற்று மடக்கி உழுவதைப் பற்றிப் பேசினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பூட்ஸ் போடுங்க," என்றாள்.

அன்று நாங்கள் ஏழு பேர். பக்கத்துக் கொல்லையிலிருந்து இரண்டு பெண்களை முனியம்மா கூப்பிட்டு வந்தார். டிராக்டர்காரரும் போகவில்லை. சால் சாலாகக் குனிந்து, மண்ணுக்குள் விரலை விட்டு, அகப்பட்ட தண்டைப் பிடித்து, வேர் அறாமல் மெல்ல இழுத்து, மண்ணை அங்கேயே உதறி, சாக்கில் போட வேண்டும். ஈரம் இருந்ததால் தூசி இல்லை. அதுவும் நல்லதாயிற்று. என் முகக்கவசம் நழுவும்போதெல்லாம் எங்கிருந்தாவது கயலின் குரல் வந்தது. "அப்பா, மூக்கு." மூன்று வாரமாக அவளுக்காக நான் பட்ட பயத்தை அவள் அந்த ஒரு சொல்லில் எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதுகு ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. மாதையனும் முனியம்மாவும் நிமிரவே இல்லை. உழுத வேகத்தைவிட வேகமாக மாதையன் தேடி எடுத்தார். ஒரு வேரை மண்ணிலிருந்து எடுத்து என்னிடம் காட்டி, "இந்தக் குச்சிக்குள்ள பேட்டரி ஈயம் இருக்குதுன்னா யாருங்க நம்புவாங்க. சாவாம நின்னுதே பாருங்க," என்றார். வெள்ளை வேர், விரல் தடிமன்கூட இல்லை. அந்த வேரை நான் மரியாதையோடுதான் வாங்கிச் சாக்கில் போட்டேன்.

பெண்களில் ஒருத்தி, "கும்பகோணத்து ஐயா எங்க ஊருல வந்து களை எடுக்கறாரு," என்றாள். இன்னொருத்தி, "எடுக்கலடி, தேடறாரு. பொண்ணு எங்க இருக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கறாரு," என்றாள். சிரிப்பு எழுந்தது. கயலும் சிரித்தாள்.

மாலை நான்கு மணிக்கு, கிடைத்ததெல்லாம் தார்ப்பாயில் பரப்பியாயிற்று. முழுவதும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சிவப்பு, மஞ்சள், நீலப் பாத்திகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எந்தப் பாத்தி எவ்வளவு ஈயம் எடுத்தது என்று ஒப்பிட முடியாது. இன்னொரு முறை விதைத்து, வளர்த்து, பிடுங்கினால்தான் அவளுடைய ஆராய்ச்சி முடியும். அவளை அழைத்துப் போக வந்தவன், அவளுக்கு இங்கே இன்னும் ஒரு போகம் சேர்த்துவிட்டேன்.

வெள்ளைக் கொடிப் பாத்தி மட்டும் கலப்பைக்குத் தப்பியிருந்தது. அதைக் கடைசியாகப் பிடுங்கினோம். அதில் மாதிரிக்கென்று தேர்ந்தெடுத்த செடிகளை மட்டும் மடக்கி, ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றினாள். சாக்கில் போட்டால் இலை உதிர்ந்து மற்றதோடு கலந்துவிடும், மூடி வைக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க பெட்டி காலியாத்தானே இருக்கு?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே மாடிக்குத் தூக்கிட்டுப் போனேனே. எடுத்துட்டு வாங்க."

போய் எடுத்து வந்தேன். சேற்றில் சக்கரம் உருளவில்லை, தூக்கிக்கொண்டுதான் வந்தேன். அவள் துணிகளை வைக்க நினைத்த இடத்தில் தாள் சுற்றிய கடுகுச் செடிகளை வரிசையாக அடுக்கினோம். மூடியை அழுத்திப் பூட்டியபோது அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள், விடுதிக்குப் போன நாளில் உட்கார்ந்த மாதிரியே. மூடியின் மேல் வெள்ளை மையில் பாத்தி எண்ணும் தேதியும் எழுதினாள்.

நான்காம் நாள் கிளம்பினேன். இந்த முறை சரியாக மொரப்பூரில் ரயில் ஏறினேன். மாதையன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வழியில், அடுத்த விதைப்புக்கு வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன், ஆனால் விவசாயம் பேச மாட்டேன் என்றேன். ரயில் கிளம்பும்போது ஒரு மஞ்சள் பையை ஜன்னல் வழியாக நீட்டினார். புளியும் கேழ்வரகு மாவும். "இது மேட்டுக் கொல்லையுதுங்க, நல்ல மண்ணு. கயலு பாத்துட்டுத்தான் குடுக்கச் சொல்லுச்சு."

அந்த ஒரு சால் உழவைப் பற்றி நான் கயலிடம் இன்னும் சொல்லவில்லை. டிராக்டர் போய்த் திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றதை. அந்தச் சாலின் செடிகளை அன்று நான்தான் தேடி எடுத்தேன், அது எனக்கு மட்டும் தெரியும். இதைப் படிக்கும்போது அவளுக்கும் தெரிந்துவிடும்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். முதலில் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"அவதான் வரலை. பெட்டியையுமா விட்டுட்டு வந்தீங்க?"

அது இனிமேல் வராது, அதில் ஈயம் இருக்கிறது என்றேன். அவள் பயந்துபோய் என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கழுவிவிட்டேன், கயல் நின்று பார்த்துக் கழுவச் சொன்னாள், நகத்தையும் வெட்டிவிட்டாள் என்றேன். அப்போதுதான் கவனித்தேன், கை நடுங்கவில்லை.